இரண்டு மணிக்குப் பின் பூங்கோதை

பூங்கோதை அக்கா இறந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு நோயாளியின் சாவுக்கு விளக்கம் கேட்டு அவர் பெயருக்கு விசாரணைக் கடிதம் போயிருந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு அதை வாங்கியவர் அவர் கணவர் திருமாறன். செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, சிறுசேரியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

அவரோடு பேச என்னை அனுப்பினார்கள். அக்காவுக்கு அடுத்த ஷிஃப்டில் ஐந்து வருடம் இருந்தவன் நான்.

திருமாறன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சட்டை புதிது. நகக்கண்களில் மட்டும் கிரீஸ் போகவில்லை. வரவேற்பறை சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ரேஷன் கார்டுல பேர எடுத்தாச்சு, ஓட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு” என்றார். “உங்க கம்பெனில மட்டும் அவ இன்னும் வேலைக்கு வந்துட்டு இருக்காளாமே, சார்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“கண்காணின்னு ஒரு சாஃப்ட்வேர், சார். ஆஸ்பத்திரி, துறைமுகம், தண்ணி சப்ளை, எல்லா இடத்து நெட்வொர்க்கையும் அதுதான் பாத்துக்குது. மூணு லட்சம் பெட்டி. ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணா அதுவே கண்டுபிடிச்சு, இத நிறுத்தி மறுபடி ஓட்டவான்னு கேக்கும். முன்னாடி நாங்க நாப்பது பேரு உக்காந்து சரி, வேணாம்னு பதில் சொல்லிட்டிருந்தோம்.”

“இப்போ?”

“ஆறு பேரு. நாங்க நாப்பது பேரும் எப்படி முடிவு எடுப்போம்னு அதுவே பாத்துப் பாத்துக் கத்துக்கிச்சு. இந்த இடத்துல அக்கா என்ன சொல்லியிருப்பாங்களோ அதையே சொல்லும். அதுக்குப் பிரதின்னு பேரு. ஆனா ஒவ்வொரு முடிவுக்கும் கீழ ஒரு மனுஷர் பேரு இருக்கணும்னு சட்டம். அதனால பேர எடுக்கல.”

“செத்தாக்கூடவா?”

“வேலைல சேரும்போது ஒரு பாரத்துல கையெழுத்து வாங்குவாங்க. வேலைய விட்டுப் போனா பிரதி யாருக்குச் சொந்தம்னு அதுல இருக்கு. இறந்துட்டா என்னன்னு இல்ல.”

அவர் தலையாட்டினார். குளிர்சாதனம் ஒரு முறை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

நடந்தது இதுதான். போன மாதம் பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று இருபத்தைந்துக்கு, தெற்கே ஒரு மருத்துவமனையில் ஒரு நெட்வொர்க் பெட்டி மந்தமாக ஓடுவதைக் கண்காணி கவனித்தது. நான்கு நிமிடம் நிறுத்தி மறுபடி ஓட்டலாமா என்று அந்த மருத்துவமனைக்குப் பொறுப்பான பெயரிடம், அதாவது பூங்கோதை அக்காவின் பிரதியிடம் கேட்டது. பிரதி பதில் சொல்லவில்லை. பதினைந்து நிமிடத்தில் மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது எங்கள் விதி. பெட்டி நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில்களையும் செவிலியர் மேசையையும் இணைத்தது அந்தப் பெட்டிதான். மூன்றாவது கட்டிலில் மரகதம் என்ற அம்மாள், வயது ஐம்பத்தொன்று, ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். அவருடைய இதயம் அந்த நான்கு நிமிடத்துக்குள் நின்றது. மணி அடித்திருக்க வேண்டிய மேசையில் மணி அடிக்கவில்லை.

இயந்திரம் ஏன் பதில் சொல்லாமல் இருந்தது என்று மரகதத்தின் மகன் கேட்டிருந்தார். பழுது எதுவும் இல்லை. பேசாமல் இருப்பதையும் அது கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

திருமாறன் உறையிலிருந்து கடிதத்தின் கடைசித் தாளை எடுத்தார். அக்கா உயிரோடு இருந்தபோது அவர் பெயரில் இதே போலப் பதிலில்லாமல் போன இருபத்து மூன்று சம்பவங்களின் பட்டியல். பிரதி இவற்றிலிருந்துதான் கற்றது என்று விசாரணைக் குழு எழுதியிருந்தது. அடியில் ஒரு வரி: ‘பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் கவனக்குறைவு உடைய பணியாளர்.’

“இந்த வரியத்தான் வெள்ளிக்கிழமை முடிவாக்கப் போறாங்களாம். பேப்பர்ல வரும்னு வக்கீல் சொல்றாரு. எம் பொண்ணு பத்தாவது படிக்குது. அம்மாவால ஒரு உசுரு போச்சுன்னு எழுத்துல நிக்கும்.” தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “நேரத்த மட்டும் பாருங்க. ரெண்டு இருவது. ரெண்டு நாப்பது. மூணு பத்து. சார், ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு பத்துக்கு அவ டெய்லி எனக்கு போன் பண்ணுவா. கம்பெனி பஸ் ஏறிட்டேன், சோத்த வடிச்சு வைன்னு. ஒரு நாள் தவறுனதில்ல. அப்ப இங்க உக்காந்திருந்தது யாரு?”

நான் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு டிரைவர் ஓட்டுன வண்டி, கிளட்ச் பிளேட்ட கழட்டுனா தெரிஞ்சிடும். ஒருத்தன் கால் ஒரு மாதிரி தேய்க்கும், இன்னொருத்தன் கால் வேற மாதிரி. காலைல இவ முடிவையும் மத்தியான முடிவையும் பாருங்க. ஒரே கால் இல்ல, சார்.”

“பாத்துச் சொல்றேன்” என்றேன்.

எழுந்தவர் கதவருகில் நின்றார். “அது அவள மாதிரியே பதில் எழுதுமாமே. ஒரு வாட்டி பாக்கலாமா?”

“வெளி ஆளுக்கு அனுமதி இல்ல, சார். அதுவுமில்லாம அது அவங்க இல்ல.”

“தெரியும். நம்ம ஓட்டுன பழைய வண்டி ரோட்ல போறப்ப ஹாரன் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கறதில்லயா. அந்த மாதிரிதான்.”

அவர் போன பிறகும் நான் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பார்த்துச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இருபத்து மூன்றும் நான்.

எங்கள் அறையில் அதற்குச் ‘சூடான நாற்காலி’ என்று பெயர். ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளியேறினால் அவர் கணினியில் திறந்திருக்கும் நாற்பத்தாறு பக்கங்களும் மூடிக்கொள்ளும். அடுத்தவர் தன் பெயரில் உள்ளே வந்து அவற்றைத் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எங்காவது ஒன்று விழுந்தால் இருவருக்கும் திட்டு. ஆகவே யாரும் வெளியேறுவதில்லை. ஒருவர் எழுவார், அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் உட்காருவார். சாயங்கால டீக்குப் போகும்போது பெயரை மாற்றிக்கொள்வது வழக்கம். விதிப்படி தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நாற்பது பேரும் செய்தோம்.

இரண்டு மணிக்கு அக்கா பையை மாட்டிக்கொண்டு எழுவார். “வாடா ராசா, முட்டை வச்ச சூடு அப்படியே இருக்கு” என்பார். நான் சாப்பிட்டுவிட்டு வந்த மயக்கத்தில் உட்காருவேன். கேள்விகள் அவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எதோடு இணைந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். தேடினால் பத்து நிமிடம். தேடாவிட்டால் பதினைந்து நிமிடத்தில் அதுவே போய்விடும். நான் விட்டுவிடுவேன். என் பெயர் இருந்திருந்தால் விட்டிருப்பேனா என்று அப்போது யோசித்ததில்லை. எதுவும் நடக்கவும் இல்லை. எதுவும் நடக்காதது எனக்குப் பழகிவிட்டது.

மறுநாள் காலை அக்கா பார்த்துவிடுவார். அவர் ஒரு கேள்வியையும் பதினைந்து நிமிடம் வரை விட்டவரில்லை. தெரியாவிட்டால் மருத்துவமனைக்கே போன் போட்டு, அந்தப் பெட்டி எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்பார். பேசாமல் போன கேள்விகளைத் தேடி எடுத்து, குறிப்புக் கட்டத்தில் ஒரே வரி எழுதுவார்: ‘யார் பார்த்தது? பேர் எழுதவும்.’

“நீங்கதான் பாத்தீங்க அக்கா. உங்க பேருதானே இருக்கு” என்பேன்.

“சிரிக்காதடா. ஒரு நாளைக்கு இது நம்ம கழுத்துக்கு வரும்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மேலதிகாரியிடம் ஒரு முறைகூடப் போகவில்லை. பிறகு கணையத்தில் கட்டி என்றார்கள். மூன்று மாதம்.

புதன்கிழமை ரெஹானா மேடத்தின் அறைக்குப் போனேன். எங்கள் பிரிவின் தலைவர். பத்து வருடத்துக்கு முன் அவரும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர்தான். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“யார்கிட்ட சொன்ன?”

“உங்ககிட்ட மட்டும்தான்.”

“அவ கம்பெனி பஸ் ஏறுன கார்டு பதிவு இருக்கும்னு நெனைக்கிறியா? ஒரு வருஷத்துல அழிஞ்சிடும். அழிஞ்சாச்சு. நீ வாயத் தொறந்தாத்தான் உண்டு.”

“அதனாலதான் மேடம் கேக்கறேன்.”

“கேளு. ஒரு பேர்ல ரெண்டு கை கலந்துருக்குன்னு எழுத்துல வந்தா அந்தப் பிரதிய அந்த நிமிஷமே நிறுத்தணும். விதி. அப்புறம் மத்தத ஆராய்வாங்க. நாப்பதுல எது சுத்தம், சொல்லு? என்னோடதும் இல்ல. எல்லா ஆஸ்பத்திரியும் நம்மள வெளிய அனுப்பிடும். உன்மேல கிரிமினல் கேஸ். உனக்கு ரெண்டு குழந்தை.” குரலைத் தாழ்த்தினார். “பூங்கோதை செத்துட்டா, தணிகை. இறந்தவங்கன்னு கேஸ மூடிடுவாங்க. அவள யாரும் கூண்டுல ஏத்தப் போறதில்ல.”

“அந்த வரி இருக்குமே மேடம்.”

“இருக்கும்.”

மேசை மேல் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி திறந்திருந்தது. அவர் அதை மூடி வைத்தார்.

“பதில் வரைவு தயாரா இருக்கு. உன் பிரதிதான் எழுதிச்சு. படிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சுக்குள்ள அனுப்பணும். ஒண்ணு மட்டும் கவனம். அந்த ஆஸ்பத்திரிக்கான எந்த அறிக்கையும் அதுக்குப் பொறுப்பான பேரு ரெண்டாவது கையெழுத்துப் போட்டாத்தான் போகும்.”

“அக்கா பேரு.”

“ஆமா. இந்த விதி எழுதுனவங்க இப்படி ஒண்ணு வரும்னு நெனைக்கல. நான் நேத்து சோதனைக்கு ஒண்ணு அனுப்பிப் பாத்தேன். அதனால சொல்றேன், மூணு மணிக்கு மேல அனுப்பு.”

நான் எழுந்தேன். “மூணு மணிக்கு மேலன்னா அவங்க பேச மாட்டாங்க.”

“பேச மாட்டா” என்றார் ரெஹானா மேடம். “நீதானே கத்துக்குடுத்த.”

வரைவைப் படித்தேன். என் பிரதிக்கு ஒன்பது வருடத்து என்னைத் தெரியும். நான் எந்த இடத்தில் ‘மேற்படி’ போடுவேன், எங்கே வாக்கியத்தை முடிக்காமல் விடுவேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. ‘மேற்படி பணியாளரின் கணக்கை வேறு எவரும் பயன்படுத்தியதற்கான சான்று கிடைக்கவில்லை.’ பொய்யென்று சொல்ல முடியாத வாக்கியம். சான்று கிடைக்கவில்லைதான். யாரும் அதற்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் என்ன எழுதுவேனோ அதை எழுதியிருந்தது.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். தையூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மதியம்வரை இருந்தேன். மரகதம் என்ற அம்மாளின் முகம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சமையல் அறையில் பெரிய அண்டாவில் கரண்டி போடும் ஒரு கையை மட்டும் நினைத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கை நின்றபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், நாற்காலியில் சாய்ந்து, நான் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் வரிசையில் நின்று அவர் கட்டில்வரை போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகம் வந்தேன். நாற்பது மேசையில் முப்பத்து நான்கில் திரைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு திரையின் மேலும் ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பூங்கோதை. செல்வநாயகம். மும்தாஜ். ராஜரத்தினம்.

குழுவுக்கு என் கையால் ஒரு கடிதம் எழுத எந்தத் தடையும் இல்லை. முந்தின இரவு மூன்று முறை தொடங்கினேன். ‘நான்’ என்ற சொல்லுக்குப் பிறகு விரல் ஓடவில்லை. இப்போதும் ஓடவில்லை. ஆகவே வரைவைத் திறந்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஒன்பது நாற்பதுக்கு, மூன்று மணிக்குக் காத்திருக்காமல், அனுப்பினேன்.

அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதை அக்கா சொல்லிவிடட்டும் என்று அவர் தலையில் கட்டினேன். உயிரோடு இருந்தபோதும் நான் பாதியில் விட்ட வேலையைக் காலையில் வந்து முடித்தவர் அவர்தான்.

இரண்டாவது கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று திரை காட்டியது. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் பதில் வந்தது.

‘பூங்கோதை: உடன்படவில்லை. யார் பார்த்தது? பேர் எழுதவும்.’

அதன் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் பதினைந்து நிமிடம் குறையத் தொடங்கியது. முதல் கையெழுத்துக்காரரான நான் பதில் சொல்லாவிட்டால் மறுப்பு காலாவதி ஆகும். வரைவு அப்படியே குழுவுக்குப் போய்விடும். அதுவும் விதி.

யாரோ எழுதிய நிரல், ஆயிரக்கணக்கான பழைய வரிகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் கோத்த ஒரு வரி. எனக்கு இது நன்றாகவே தெரியும். இருந்தும் என்னால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ‘பெயர்’ என்று எழுத மாட்டார். ‘பேர்’ என்றுதான் எழுதுவார்.

பதினொன்று. பத்து. அறையில் விசிறிகளின் இரைச்சல் மட்டும். ஒன்பது நிமிடம் இருக்கும்போது ரெஹானா மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அவர் திரைக்கும் செய்தி போயிருக்க வேண்டும். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து மெல்லத் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. கை விசைப்பலகையின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். நான் எதையும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு நன்றாகப் பழகிய வேலை.

நான்கு. மூன்று.

ஒரு நிமிடம் பத்து வினாடி இருக்கும்போது எழுதினேன். ‘தணிகைவேல். இருபத்து மூன்றும் நான். அக்கா இரண்டு பத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்.’

பதில் உடனே வந்தது.

‘சரி. நன்றி.’

அது முழுதாகத் திரையில் நின்றது நான்கைந்து வினாடி இருக்கும். எதிர் மேசையில் பூங்கோதை என்ற பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. ஒரு பெயரில் இரண்டு கை கலந்திருந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். அடுத்து செல்வநாயகத்தின் புள்ளி மஞ்சளாகி மினுங்கியது, பிறகு மும்தாஜ். ஒவ்வொரு பெயராக ஆய்வுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே பார்த்தேன். ரெஹானா மேடம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

திருமாறன் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வாட்டி பாக்கலாமா. இனி யாரும் பார்க்க முடியாது.

அவருக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரு பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க சார். என்னாச்சு?”

“அந்த வரி வராது, சார்.”

“கேக்கல, சத்தமா சொல்லுங்க.”

“ரெண்டு மணிக்கு மேல அந்த நாற்காலில உக்காந்திருந்தது நான்தான். அக்கா இல்ல. நான்.”

அவர் யாரிடமோ கையைக் காட்டியிருக்க வேண்டும். எஞ்சின் நின்றது. பணிமனையின் இரைச்சலும் மெல்ல அடங்கியது. அவர் மூச்சு மட்டும் கேட்டது. திட்டவில்லை. துண்டிக்கவும் இல்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அந்த மௌனம் எவ்வளவு நேரம் போனால் என்ன அர்த்தம் என்று எங்கேயும் விதி எழுதியிருக்கவில்லை.